ஏட்டில் ஏறாத பெண்கள்

ஏப்ரல் மாதம் 2-ந் தேதியை உலக ஆட்டிசம் விழிப்புணர்வு தினமாக அனுஷ்டிப்பதென்று ஐக்கிய நாட்டு சபை 2007-ம் வருஷத்தில் தீர்மானித்தது. அது முதல் பிரதி வருஷமும் அன்றைய தினம் ஊர்வலங்கள் நடக்கின்றன, கட்டடங்களுக்கு நீல விளக்குப் போடுகிறார்கள், பிரமுகர்கள் பேசுகிறார்கள், மறுநாள் பத்திரிகைகளில் படம் வருகிறது. இவற்றில் எதையும் நாம் குறை கூறவில்லை. ஆனால், நமது பத்திரிகையில் வந்த படங்களையே எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபோது ஒரு விஷயம் நம் மனத்தை உறுத்தியது. படத்தில் நிற்பவர்கள் அநேகமாக எல்லோரும் ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளைகள் எங்கே?

இக்கேள்விக்கு ஒரு பதில் வெகு காலமாகத் தயாராக இருந்து வருகிறது. ஆட்டிசம் நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற விகிதத்திலேயே காணப்படுகிறது என்பதே அப்பதில். பாடப்புத்தகங்கள் அப்படிச் சொல்லின. பத்திரிகைகளும் கிளிப்பிள்ளை போல் அதையே சொல்லி வந்தன. நீதிமன்றப் பழக்கமுள்ளவர்களுக்கு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்றால் இன்னதென்று தெரியும். பிரதிவாதிக்குச் சம்மனே சேர்ந்திராது. அவர் ஆஜராகவில்லையென்று எழுதி, வழக்கைத் தீர்த்துவிடுவார்கள். பெண்களின் விஷயத்தில் இந்த நான்குக்கு ஒன்று என்ற கணக்கு பெரும்பாலும் அத்தகைய தீர்ப்பே என்பதும், அதை மறுவிசாரணைக்கு எடுக்க வேண்டிய பொறுப்பு வைத்தியர்களுக்கும் சர்க்காருக்கும் பத்திரிகைகளுக்கும் உண்டென்பதும் நமது உறுதியான அபிப்பிராயம்.

ஆட்டிசம் என்பது தொத்து வியாதியல்ல. பெற்றோரின் வளர்ப்புக் கோளாறுமல்ல. மூளையின் வளர்ச்சியில் சிறு பிராயம் முதலே அமைந்துவிடும் ஒரு வேற்றுமை அது. பிறரோடு பேசிப் பழகும் விதம் மாறுபட்டிருக்கும். ஒரே ஒழுங்கை மனம் நாடும். அது குலைந்தால் பெருந் தவிப்பு உண்டாகும். ஏதேனும் ஒரு விஷயத்தில் ஆழ்ந்த ஈடுபாடு இருக்கும். சப்தம், வெளிச்சம், துணியின் உராய்வு ஆகியவை சிலருக்குப் பொறுக்க முடியாத வேதனையைத் தரும். சிலருக்குப் பேச்சே வருவதில்லை. வேறு சிலர் கல்லூரிப் பட்டம் பெற்று உத்தியோகம் பார்க்கிறார்கள். இத்தனை விரிந்த ஒன்றுக்கு ஒரே முகத்தை மட்டும் வரைந்து வைத்துக்கொண்டதில்தான் தவறு தொடங்கிற்று.

அந்த முகம் ஆண் முகம் ஆனது எப்படி? 1943-ம் வருஷத்தில் அமெரிக்காவில் டாக்டர் லியோ கானர் இந்நிலையைப் பற்றிய தமது பிரசித்தி பெற்ற கட்டுரையை வெளியிட்டார். அதில் அவர் வர்ணித்த குழந்தைகள் 11 பேர். அவர்களில் 8 பேர் ஆண்கள், 3 பேர் பெண்கள். அடுத்த வருஷம் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதிய கட்டுரையில் விவரிக்கப்பட்ட நால்வரும் ஆண் பிள்ளைகளே. பெண் குழந்தைகளில் இந்நிலை முழு வடிவில் இருப்பதைத் தாம் கண்டதில்லை என்று கூறிய அவர், இது ஆண் புத்தியின் மிகையான வடிவம் என்றே கருதினார். இவர்களுக்கும் முன்னதாக, மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்ற பெண் வைத்தியர் 1920-களிலேயே ஆறு சிறுவர்களைக் கூர்ந்து வர்ணித்ததோடு நில்லாமல், பின்னர் சிறுமிகளைப் பற்றியும் எழுதினார். அவர் எழுத்து மேல்நாடுகளில் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

விளைவு என்னவாயிற்று? ஆண் பிள்ளைகளைப் பார்த்து லக்ஷணங்கள் வகுக்கப்பட்டன. அந்த லக்ஷணங்களைக் கொண்டு அளவுகோல்கள் செய்யப்பட்டன. அளவுகோலில் பெண்கள் குறைவாகவே அகப்பட்டார்கள். அகப்பட்டவர்கள் குறைவாதலால் ஆராய்ச்சிகளிலும் ஆண்களையே சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆராய்ச்சிகளிலிருந்து மறுபடியும் ஆண்களுக்குப் பொருந்தும் லக்ஷணங்களே கிடைத்தன. செக்கைச் சுற்றும் மாடு வெகு தூரம் நடந்ததாக நினைக்கலாம். புறப்பட்ட இடத்தை விட்டு அது நகர்ந்ததில்லை.

இதில் முதல் சந்தேகத்தை எழுப்பியவர்களுள் லண்டனிலிருந்த டாக்டர் லோர்னா விங் அம்மையார் முக்கியமானவர். ஆட்டிசம் உள்ள ஒரு பெண்ணின் தாயார் அவர். புத்தி வளர்ச்சியும் வெகுவாகக் குன்றியிருந்த குழந்தைகளிடையே ஆண் பெண் விகிதம் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்றாகவும், புத்தி வளர்ச்சி நன்றாயிருந்தவர்களிடையே பதினைந்துக்கு ஒன்று வரையிலும் இருப்பதை அவர் 1981-ல் எடுத்துக் காட்டினார். எந்தப் பெண்ணின் நிலையை மறைக்க முடியாதோ அந்தப் பெண் கணக்கில் வந்தாள். மறைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் வாய்த்தவள் கணக்கிலிருந்தே மறைந்தாள் என்று இதற்குப் பொருள் கொள்ள இடமிருக்கிறதல்லவா?

2017-ல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் 54 ஆராய்ச்சிகளை ஒருங்கே திரட்டிப் பரிசீலித்தார்கள். ஏற்கெனவே வைத்தியரால் ஆட்டிசம் என்று எழுதப்பட்டவர்களை மட்டும் எண்ணிய ஆராய்ச்சிகளில் பெண் ஒன்றுக்கு ஆண் 4.5-க்கு மேல் இருந்தது. பொது ஜனங்களிடையே தேடிச் சென்று பரிசோதித்த ஆராய்ச்சிகளிலோ அது 3.25-ஆகக் குறைந்தது. தேடினால் கிடைக்கிறார்கள் என்பதே இதன் தாத்பரியம். அமெரிக்காவில் நோய்த் தடுப்பு நிலையத்தார் 8 வயதுக் குழந்தைகளை எடுத்த கணக்கும் இதையே காட்டுகிறது. 2018-ம் வருஷக் கணக்கில் 4.2-ஆக இருந்த விகிதம், 2020-ல் 3.8-ஆகவும், 2022-ல் 3.4-ஆகவும் இறங்கிற்று. நான்கு வருஷங்களில் பெண் குழந்தைகளின் மூளை மாறிவிடவில்லை. பார்ப்பவர்களின் கண் சிறிது திறந்திருக்கிறது. உண்மையில் இரு பாலாருக்கும் எண்ணிக்கை சமமே என்று நாம் சாதிக்க வரவில்லை. இப்போதுள்ள எண்ணிக்கையை உண்மையென்று நம்பி உட்கார்ந்துவிடுவதற்கில்லை என்பதே நமது வாதம்.

பெண் குழந்தை எப்படிக் கண்ணுக்குத் தப்புகிறாள் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2017-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக்காக, அமெரிக்க ஆரம்பப் பாடசாலைகளின் விளையாட்டு மைதானத்தில் குழந்தைகளைக் கவனித்தார்கள். ஆட்டிசம் உள்ள பையன்கள் தனியே நின்றார்கள். ஆகையால் சுலபத்தில் தெரிந்தார்கள். ஆட்டிசம் உள்ள சிறுமிகளோ மற்றச் சிறுமிகளின் அருகிலேயே நின்றார்கள். கூட்டத்துக்குள் போவதும் வருவதுமாயிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் உபாத்தியாயருக்கு அவர்களும் விளையாடுவதாகவே தோன்றும். அருகில் சென்று பார்த்தால்தான், அவர்கள் எந்த விளையாட்டிலும் உண்மையில் சேரவில்லையென்பது விளங்கும்.

இதை நமது ஊரில் வைத்துப் பார்ப்போம். கோட்டாற்றிலோ பூதப்பாண்டியிலோ ஒரு வீட்டை மனத்தில் கொள்வோம். பெண்ணுக்கு வயது பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தில் பேச்சு மூச்சில்லை, எழுத்து முத்து முத்தாக இருக்கும், மார்க்குக்குக் குறைவில்லை. கூடப் படிக்கும் பெண் எப்படிச் சிரிக்கிறாள், எப்போது தலையசைக்கிறாள் என்று பார்த்துப் பார்த்து, அவ்வாறே சிரிக்கவும் தலையசைக்கவும் இவள் பழகி வைத்திருக்கிறாள். சாயங்காலம் வீட்டு வாசற்படியை மிதித்ததும் பையை எறிந்துவிட்டு அறையில் முடங்கிக்கொள்கிறாள். சில நாள் காரணம் சொல்லத் தெரியாமல் அழுகிறாள். சுசீந்திரம் தேரோட்டத்துக்குக் கூப்பிட்டால், மேளச் சத்தத்தை நினைத்தே நடுங்குகிறாள். கல்யாண வீட்டுப் பந்தியில் இலை முன் உட்கார்ந்து ஒரு பருக்கையும் தொடாமல் எழுந்து விடுகிறாள். தாயார் பள்ளிக்கூடத்துக்குப் போய் முறையிட்டால் என்ன பதில் கிடைக்கும்? "உங்க பிள்ளைக்கு என்னம்மா குறை? வகுப்பிலேயே அவளைப் போல அடக்கமான பிள்ளை கிடையாது" என்பார்கள். தாயாரும் திரும்பி விடுவாள். அதே நிலையில் ஒரு பையன் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தால், அந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லியிருப்பார்கள்.

இங்கிலாந்தில் இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சி 2012-ல் வெளியாயிற்று. ஆட்டிசத்தின் லக்ஷணங்கள் ஒரே அளவில் இருந்தாலும், பெண் குழந்தைக்கு வேறு தொல்லையும் கூடவே இருந்தால்தான் வைத்தியர்கள் ஆட்டிசம் என்று எழுதுகிறார்கள் என்பது அதில் கண்ட முடிவு. அதாவது புத்தி வளர்ச்சியிலோ நடத்தையிலோ கோளாறும் சேர்ந்திருக்க வேண்டும். பிறரைத் தொந்தரவு செய்யாத துன்பம் துன்பமாக எண்ணப்படுவதில்லை. அப்படி விடப்பட்ட பெண்ணுக்கு ஆண்டுகள் கழித்துப் பயம் என்றும், மனச்சோர்வு என்றும், உணவு மறுப்பு என்றும் தனித் தனியே பெயர் சூட்டி மருந்து கொடுக்கிறார்கள். அடிப்படையை ஒருவரும் பார்ப்பதில்லை. தம் குழந்தையைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்ற இடத்தில், டாக்டர் கேட்கும் கேள்விகள் யாவும் தமக்கே பொருந்துவதை முப்பது நாற்பது வயதில் உணர்ந்த தாய்மார்கள் பல தேசங்களிலும் இருக்கிறார்கள். ஓயாமல் வேஷமிட்டு வாழ்வது மனத்தை எவ்வளவு சிதைக்கிறதென்பதையும், சில சமயங்களில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரையில் கொண்டுபோய் விடுகிறதென்பதையும் சென்ற சில வருஷங்களில் வெளியான ஆராய்ச்சிகள் எச்சரித்திருக்கின்றன. ஆகவே இதை வெறும் கணக்குப் பிழை என்று தள்ளிவிட முடியாது.

நமது பாஷையிலும் ஒரு தடை இருக்கிறது. சர்க்கார் காகிதங்களில் ஆட்டிசம் உள்ளவர்களைப் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று மொழிபெயர்த்து வழங்கி வந்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு செய்த மொழிபெயர்ப்பாகத்தான் இருக்கும். ஆனால் மேலே சொன்ன சிறுமியை நினைத்துப் பாருங்கள். காலை முதல் மாலை வரையில் அவள் புற உலகத்தைத் தவிர வேறெதைச் சிந்திக்கிறாள்? யார் என்ன நினைப்பார்கள், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதே அவளுக்கு ஓயாத கவலை. இந்தப் பெயரைக் காதில் வாங்கிய தாயாருக்குத் தன் மகளின் ஞாபகம் வருவது எப்படி? தகுந்த தமிழ்ச்சொல் அமையும் வரையில் ஆட்டிசம் என்ற சொல்லையே வைத்துக்கொள்வது மேல்.

நாஞ்சில் நாட்டுக்கு இவ்விஷயத்தில் தனிப் பொறுப்பு உண்டென்று நாம் நினைக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களைச் சேர்த்துப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக் கொடுத்தார். தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடி 1859-ல் அரசாங்கப் பிரகடனம் பெற்ற மண் இது. மருமக்கள் வழி முறையில் நேர்ந்த குடும்பத் துயரங்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஒரு பெண்ணின் வாய்மொழியாகவே பாடினார். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் வந்தது. வீட்டுக்குள்ளே அடங்கிக் கிடந்த துயரம் எழுத்தில் ஏறிய பிறகுதான் ஊரார் கண்ணில் பட்டது. 2011-ம் வருஷ ஜனக் கணக்கில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்ற ஜில்லாவும் இதுவே. விகிதம் நூற்றுக்கு 91.75. பெண்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில் முந்திக்கொண்டவர்கள், பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்ட பெண் எப்படியிருக்கிறாள் என்று பார்ப்பதில் பிந்தலாமா?

"இதெல்லாம் மேல்நாட்டுப் புதுச் சரக்கு, கூச்சமுள்ள பெண்களுக்கெல்லாம் வியாதிப் பெயர் சூட்டுவதா?" என்று சிலர் கேட்கலாம். கூச்சம் வேறு, ஆட்டிசம் வேறு. பழகியதும் கூச்சம் தெளியும். மற்றதோ பழகப் பழகக் களைப்பையே தரும். இரண்டையும் பிரித்தறிவதற்குத்தான் பயிற்சி பெற்றவர்கள் வேண்டுமென்கிறோம். வேறு சிலர், "பெண்ணுக்கு இப்படியொரு பெயர் வந்துவிட்டால் அவளை யார் கல்யாணம் செய்துகொள்வார்கள்?" என்று கேட்பார்கள். வெளியே பேசாவிட்டாலும் பெற்றோரைத் தடுத்து நிறுத்தும் கேள்வி இதுதான். இக்கவலையை நாம் இகழவில்லை. ஆனால், தன்னைத்தானே அறியாத ஒரு பெண்ணை, அவளை அறியாத ஒரு குடும்பத்தில் கொண்டுபோய் விட்டு, "கர்வக்காரி", "ஒட்டாதவள்" என்ற பெயர்களை வாங்கிக் கொடுப்பது மட்டும் அவளுக்கு நன்மையா? பெயரை மறைத்ததால் துன்பம் மறைந்ததாகத் தெரியவில்லை.

இனி நம் தேசத்து நிலைமையைப் பார்ப்போம். 2011-ம் வருஷ ஜனக் கணக்கில் மாற்றுத் திறனாளிகள் 2.68 கோடிப் பேர் என்று கண்டார்கள். ஆனால் அதில் வகுத்திருந்த எட்டுப் பிரிவுகளில் ஆட்டிசம் என்ற பிரிவே கிடையாது. 2 முதல் 9 வயது வரையுள்ள 3,964 குழந்தைகளைப் பரிசோதித்து 2018-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சி ஐந்து பிரதேசங்களில் நடந்தது: பல்வல், காங்க்ரா, தேன்கனால், வட கோவா, ஹைதராபாத். தமிழ்நாடு அவற்றில் ஒன்றல்ல.

சட்டம் இல்லையென்று சொல்வதற்கில்லை. 1999-ம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அச்சட்டத்தின் 4-வது பிரிவு பெண்களையும் குழந்தைகளையும் தனியே குறிப்பிட்டு, மற்றவர்களுக்குச் சமமாக அவர்கள் உரிமைகளை அனுபவிக்கச் செய்ய வேண்டுமென்கிறது. 17-வது பிரிவு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கச் சொல்கிறது. 25-வது பிரிவு குழந்தைகளை வருஷத்துக்கு ஒரு முறையேனும் பரிசோதிக்கச் சொல்கிறது. 34-வது பிரிவு சர்க்கார் உத்தியோகங்களில் ஆட்டிசம் முதலான பிரிவினருக்கென்று நூற்றுக்கு ஓர் இடம் ஒதுக்குகிறது. ஆனால் உத்தியோகச் சலுகைக்கு வாசல் சான்றிதழ். சான்றிதழுக்கு வாசல் அளவுகோல். 2016-ல் இதற்கென்று அறிவிக்கப்பட்ட இந்திய அளவுகோலில் 40 அம்சங்கள் இருக்கின்றன. கண்ணோடு கண் பார்த்தல் முதலியவை அவற்றுள் அடங்கும். எதிரிலிருப்பவரின் புருவத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணைப் பார்ப்பதாகக் காட்டப் பத்து வருஷமாகப் பழகியிருக்கும் ஒரு யுவதி, அரை மணி நேரப் பரிசோதனையில் எத்தனை மதிப்பெண் வாங்குவாள்? பூட்டிய களஞ்சியத்தில் நெல் நிறைந்திருப்பதால் வெளியே நிற்பவளின் பசி ஆறுவதில்லை.

பத்திரிகைகளின் பங்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். தாயாரின் பாசக் குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கொடிய பிரமையை ஒரு காலத்தில் பரப்பியதில் பத்திரிகைகளுக்குப் பங்கு உண்டு. 1998-ல் லண்டன் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வந்து, 2010-ல் அப்பத்திரிகையாலேயே வாபஸ் பெறப்பட்ட தடுப்பூசிப் புரளியை வீடு தோறும் கொண்டு சேர்த்தவையும் பத்திரிகைகளே. பெண்களை விட்டுவிட்டு எழுதியது மூன்றாவது குற்றம். இதில் நாமும் சேர்த்தி. இனி ஆட்டிசத்தைப் பற்றி எந்த எண்ணிக்கை வந்தாலும், அதில் பெண்கள் எத்தனை, எப்படித் தேடி எண்ணினார்கள் என்று கேட்டு எழுதுவோம். பெற்றோரையும் டாக்டரையும் மட்டுமன்றி, ஆட்டிசத்தோடு வாழும் பெண்களையே கேட்டு எழுதுவோம். ஒரு குழந்தையின் பெயரையும் படத்தையும் அச்சிடுமுன், அவள் வளர்ந்த பிறகு அதை விரும்புவாளா என்றும் யோசிப்போம்.

அதிகாரிகளை நாம் கேட்பவை அதிகமல்ல. முதலாவது, சட்டப்படி பள்ளிகளில் எடுக்க வேண்டிய கணக்கை ஜில்லாவாரியாகவும், ஆண் பெண் என்று பிரித்தும் பிரசுரிக்க வேண்டும். 2013-ல் தொடங்கிய குழந்தைகள் சுகாதாரத் திட்டத்தில் எத்தனை பெண் குழந்தைகள் சந்தேகிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டார்கள், எத்தனை பேருக்குச் சான்றிதழ் கிடைத்தது என்பதும் அவ்வாறே வெளிவர வேண்டும். இரண்டாவது, வகுப்பு உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். "இவள் தொந்தரவு செய்கிறாளா?" என்பதோடு, "வீட்டுக்குப் போனதும் எப்படியிருக்கிறாள்?" என்று தாயாரைக் கேட்கவும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, ஆசாரிபள்ளத்து அரசாங்க மருத்துவக் கல்லூரியும், 2005 முதல் முட்டுக்காட்டில் நடந்துவரும் தேசிய நிலையமும் ஒன்று கூடி, அகஸ்தீஸ்வரம் தோவாளைத் தாலுகாக்களிலிருந்து தொடங்கி, பெண் குழந்தைகளையும் வயது வந்த பெண்களையும் தமிழிலேயே பேசி ஆராய வேண்டும். அடக்கம் என்று நாம் போற்றும் குணத்துக்கும் வேஷத்துக்கும் உள்ள வேற்றுமையைக் கண்டறிய அமெரிக்கப் பள்ளி மைதானம் போதாது. நமது பள்ளி முற்றமும் வேண்டும்.

இவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. பெரும் பொக்கிஷமும் வேண்டியதில்லை. இருக்கிற ஏட்டில் ஒரு பத்தி கூடுதலாக வரைந்து, அதை உண்மையோடு நிரப்பினால் தொடக்கத்துக்குப் போதும். இதைக் கன்னியாகுமரி ஜில்லாக் கலெக்டரும், கல்வி, சுகாதார இலாகாக்களின் அதிகாரிகளும் இந்தப் பள்ளி வருஷத்திலேயே தொடங்கலாம். தொடங்குவார்களா?